வாசமும் கலரும்

"இந்தச் செவப்பு நல்லாருக்கா?" என்று செடிக்கடையில் ஆறுமுகம் கேட்டதும் குமுதவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னையவா கேக்குறீங்க? எனக்கு என்னங்க தெரியும்?"

"அட, வாய் தவறி வந்துருச்சி லா" என்றார்.

இனிப்புநீர் வியாதி அவளுடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய் இரண்டு வருஷமாகிறது. அதை மறந்து கேட்டுவிட்டாரே என்று அவளுக்கு வருத்தம் வரவில்லை. இந்த மனுஷன் மனசில் நாம் இன்னும் கண் தெரிகிறவளாகத்தான் இருக்கிறோம் என்று நெஞ்சு குளிர்ந்துபோனது.

ஆறுமுகம் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். அவளுக்குப் பார்வை போனதிலிருந்து வீட்டில் அவர் பேச்சு குறைந்துவிட்டது. சோற்றுத்தட்டை அவள் முன்னால் வைக்கும் சத்தத்திலேயே அவருடைய அலுப்பு தெரியும்.

இந்த ஒரு மாதமாகத்தான் ஆள் மாறியிருந்தார். தட்டு சத்தமில்லாமல் வந்தது. குளிக்கும்போது ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

இன்று காலையில் அவராகவே, "பகாவ் டவுனுக்குப் போயி செடி வாங்கியாருவோம், வா. வருசக் கடைசி மழைக்கு நம்ம வாசல் பூரா பூவா நிக்கணும். வாசத்துக்கு நீ பாரு, கலருக்கு நான் பாக்குறேன்" என்றார். குமுதவல்லி பெட்டியின் அடியிலிருந்த பட்டுச்சேலையைத் தடவி எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

செடிக்கடைக்காரன் முகுந்தன் பொறுமைசாலி. ஒவ்வொரு செடியிலும் ஒரு பூவையோ இலையையோ கிள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இது பவழமல்லிக்கா. டிசம்பர் குளுருல விடியக்காலம் வாசல்ல உதுந்து கெடக்கும்."

"குண்டுமல்லி இருக்கா தம்பி?"

"மழையில மொட்டு அழுகிரும்க்கா. நித்தியமல்லி எடுத்துக்குங்க, நெனச்சப்பல்லாம் பூக்கும்."

அவன் மனோரஞ்சிதத்தை நீட்டியபோது அவள் அதை மூக்கோடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "ஏங்க, இத நம்ம ரூம்பு ஜன்னலுக்கு நேரா வைக்கணும்!" என்று குரல் கொடுத்தாள்.

"வச்சிட்டாப் போச்சி" என்று அடுத்த வரிசையிலிருந்து பதில் வந்தது. பிறகு அதே குரல் தணிந்து, "மஞ்சள் வேணாமா? சரி, ரோசு" என்றது.

தன்னோடு தானே பேசிக்கொண்டு செடி எடுக்கிறாரே என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் கட்டியது நீலச் சேலையா பச்சைச் சேலையா என்று ஒருநாளும் பார்த்துச் சொல்லாதவர் அவர்.

"கலரு யாருக்குங்க? நானா பாக்கப்போறேன்?"

"வீட்டுக்கு வர்றவங்க பாக்க வேணாமா?"

அதுவும் சரிதான். பொட்டல் வாசலைப் பார்த்துக்கொண்டு அவர் மட்டும் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்? அவளுக்கு முதல்முறையாகக் கணவன்மேல் இரக்கம் வந்தது.

எல்லாம் எடுத்தாயிற்று. ஆறுமுகம் அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். "இங்கயே இரு. செடிய வண்டியில ஏத்திட்டு வந்து கூப்பிடுறேன்." தோளை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

தட்டிய இடத்தில் தன் கையை வைத்துக்கொண்டாள் குமுதவல்லி. யாரிடமாவது சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

"தம்பி, கண்ணு போன பொண்டாட்டிய இப்படி வெளிய கூட்டியாந்து, ஒனக்குப் புடிச்சத எடுன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்? முன்னவிட இப்பத்தான் எம்மேல பிரியம் ஜாஸ்தி."

"அண்ணன் முகத்தப் பாத்தாலே தெரியுதுக்கா, அவ்ளோ சந்தோசம்" என்ற முகுந்தன், கொஞ்சம் தயங்கினான். "ஒன்னு கேட்டா கோவிச்சிக்க மாட்டீங்களே?"

"கேளு தம்பி."

"அண்ணன் கையப் புடிச்சிக்கிட்டு கலர்ச் செடியெல்லாம் விரல நீட்டி நீட்டிக் காட்டுனாங்களே ஒரு அக்கா, அவங்களுக்குப் பேச்சு வராதா?"