விரல் இன்னும் வளரவில்லை

கருவிலேயே எல்லோருடைய கைகால்களையும் திருத்திவிடும் காலத்தில், இடது கையில் மூன்று விரல்களோடு பிறந்தவள் ஏழு வயது நிறைமதி. பத்து விரல்களையும் பதியக் கேட்கும் பள்ளியின் வருகைப்பதிவு இயந்திரம் அந்தக் கையை ஏற்கவில்லை. மாதாமாதம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். ஐந்தாவது முறையாக அவளுடைய அம்மா வேதவல்லி அரைநாள் விடுப்பெடுத்து, மகளோடு சான்று தரும் அலுவலகத்தில் நின்றாள்.

“விரல் இன்னும் வளரலையாம்மா?” என்றார் எழுத்தர்.

“அது என்ன சார் பல்லா, விழுந்து முளைக்க?”

“படிவத்துல ‘தற்காலிகக் குறை’னுதான் இருக்கு. நிரந்தரம்னு போட இப்பக் கட்டமே கிடையாது. ஆமா, வயித்துல இருக்கும்போதே ஏன் சரி பண்ணலை?”

வேதவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

“எட்டு வாரத்துக்குள்ள விரலெல்லாம் பிரிஞ்சு முடிஞ்சிடுது சார். நான் முழுகாம இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சதே பத்தாவது வாரம். போதுமா?”

எழுத்தர் நிறைமதி பக்கம் திரும்பினார். “கையைக் காட்டு பாப்பா, எண்ணணும்.”

நிறைமதி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அதுவரை அவள் அந்தக் கையை யாரிடமும் மறைத்ததே இல்லை.

வேதவல்லி படிவத்தை அங்கேயே போட்டுவிட்டு, மகளை நேராக வகுப்புக்கு அழைத்துப் போனாள்.

“சான்று எங்கேம்மா?” என்றார் ஆசிரியை.

“கிடையாது டீச்சர். நீங்களே வாயைத் திறந்து ஒரு தடவை இவ பேரைக் கூப்பிட்டுப் பாருங்க.”

ஆசிரியை தயங்கினார். பிறகு, “நிறைமதி” என்றார்.

“உள்ளேன் டீச்சர்!”

வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி இருந்தது அந்தக் குரல்.