கட்டாத கை

"கையைக் கட்டாதீங்க சிஸ்டர்!" என்று மறுபடியும் கெஞ்சினான் போயான்.

பல்கேரியாவின் வார்னா நகரத்து மருத்துவமனை ஒன்றின் அறுவை அறையில் அவன் மனைவி நெவேனா படுத்திருந்தாள். இரண்டாவது குழந்தை. நாள் குறித்துச் செய்யும் சிசேரியன். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டாயிற்று.

"எல்லாருக்கும் கட்டுறதுதான் தம்பி. அசைஞ்சா ஆபத்து. நீதான் தலைமாட்டுலயே இருக்கப்போறியே, அப்புறம் என்ன பயம்?"

"மூத்தவ பிறந்தப்பவும் இப்படித்தான் கட்டினாங்க. மருந்து சரியா பிடிக்கறதுக்குள்ள கத்தி வச்சிட்டாங்க. இவ அழுததைப் பார்த்து, பயத்துல அழறானு விட்டுட்டாங்க!"

நெவேனாவின் முகம் வெளிறிக்கிடந்தது. கை கழுவிவிட்டு வந்த டாக்டரம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தார்.

"வலது கையை விட்டுடுங்க. என் பொறுப்பு."

நடுவில் திரை கட்டினார்கள். டாக்டர் வேலையைத் தொடங்கியதுமே அந்த வலது கை சட்டென்று எழுந்தது. விரல்கள் படபடத்தன.

"நிறுத்துங்க டாக்டர்! சுரீர்னு வலிக்குதாம்!" போயான் அலறினான்.

கத்தி அப்படியே நின்றது. மருந்தைக் கூட்டினார்கள். விரல்கள் மெல்ல அடங்கிய பிறகுதான் டாக்டர் மறுபடி குனிந்தார்.

சற்று நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் வீல் என்று ஓர் அழுகை. அறையே சிரித்தது. நெவேனா மட்டும் கலவரத்தோடு கணவனைப் பார்த்து, விரல்களால் கேட்டாள்.

'பிள்ளை அழுதானா?'

பிறவியிலேயே காது கேளாத, பேச்சு வராத தன் மனைவிக்கு, கண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து போயான் விரல்களாலேயே பதில் சொன்னான்.

'ஊரையே கூட்டுறான்டி!'