மேல்வீட்டுச் சத்தம்

மேல்வீட்டு மஞ்சரி ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்தால் கீழே சூசையின் வீட்டு ஃபேன் நடுங்கும். புற்றுநோய் வந்த குடும்பங்களுக்குப் பணம் திரட்ட, ஒரு குதிக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் பேசி, மாதம் முழுக்க நாள் தவறாமல் குதிப்பதாக அவள் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். கீழ்வீட்டிலேயே அப்படி ஒரு குடும்பம் இருப்பது தெரிந்ததும் இன்னும் ஓங்கிக் குதித்தாள். கட்டிலில் கிடந்த ஃபிலோமிக்கு அது பிடிக்கவில்லை. "எனக்கு வந்த நோய்க்கு அவ எதுக்குங்க குதிக்கணும்?" என்றாள் புருஷன் சூசையிடம். "நல்லதுக்குத்தானே செய்யுது, விடு." "நல்லதுன்னா நீங்க போய்க் குதிங்க. தொப்பையாவது குறையும்." அந்த மாதத்தின் கடைசி நாள் மாலை சூசை பால் வாங்கிக்கொண்டு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது. மேலே சத்தமே இல்லை. எலும்பெல்லாம் உளுத்துப்போயிருக்கிறது, விழுந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பால் பாக்கெட்டோடு அவன் மாடிப்படிக்கு ஓடினான். பாதிப் படியில் இருக்கும்போது சத்தம் மறுபடி கேட்டது. அது மஞ்சரியின் சத்தம் இல்லை. கயிறு தரையில் அடித்தது, பிறகு ஒரு கால் கனமாக இறங்கியது, அதன் பின்னால் இன்னொரு கால் தடுமாறி வந்து சேர்ந்தது. "போதும்க்கா, கயித்தைக் குடுங்க" என்று மஞ்சரி அழாத குறையாகக் கெஞ்சினாள். "சும்மா இருடி. இன்னிக்கு என் கணக்கு. எண்ணு." கத்திக் கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாள். சூசை சுவரைப் பிடித்தபடி நின்றான். பால் பாக்கெட் கைக்குள் பிதுங்கியது. மேலே கயிறு சுழன்று வந்து தரையில் அடித்தது. கால்கள் இன்னும் இறங்கவில்லை.