பின்னால் வந்த கார்

தன் சைக்கிளுக்குப் பின்னால் கம்பி போட்டு இணைத்திருந்த மகளின் குட்டி சைக்கிளில் ஐந்தாவது சிவப்பு விளக்கை மாட்டிக்கொண்டிருந்தார் கணவர். கார் சாவியை விரலில் சுழற்றியபடி வந்து நின்றாள் மனைவி.

“இது சைக்கிளா, தீயணைப்பு வண்டியா? சைரன் மட்டும்தான் பாக்கி.”

“பின்னால வர்ற காருக்குக் குழந்தை தெரியணும்ல.”

“ஒரு விளக்கு போதாதா? ரோட்டுல எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டா ஓட்டுறாங்க?”

“நேத்து சாயங்காலம் ஒரு கார் இவளை உரசுற மாதிரி போச்சு. ஓட்டினவங்க போன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டே போனாங்க.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இதுங்களுக்கெல்லாம் எவன்தான் லைசென்ஸ் கொடுத்தானோ. நம்பரைக் குறிச்சீங்களா?”

“நான் கையைக்கூட ஆட்டினேன்மா” என்றாள் மகள். “நீ பார்க்கவே இல்ல.”

சுழன்ற சாவி நின்றது.

“கடைக்குப் போய் இன்னும் ரெண்டு விளக்கு வாங்கிட்டு வரேன்.”

“கார்லயா?” என்றார் கணவர்.