நரி அனுப்பிய இரண்டு கிளிகள்

ஓணான் பந்தயத்தில் நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை புண்ணான நரி, தனக்குப் பதிலாகப் பந்தயம் கட்ட இரண்டு கிளிகளைப் பழக்கியது. “எவன் எதைச் சொன்னாலும் எதிர்த்துக் கட்டுங்க!”

பந்தயக் கடைக்காரப் பெருச்சாளி, கிளிகளுக்கென்றே தனி ஜன்னல் திறந்து வைத்திருந்தது. கட்டுகிற ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதற்கு ஒரு கைப்பிடி கடலை கமிஷன்.

நரி தூங்கி எழுந்து வந்து பார்த்தால், பந்தயம் கட்டக் கிளிகளிடம் கொடுத்திருந்த கடலை மூட்டை காலி. ஒரு கிளியின் கழுத்தைப் பிடித்தது. “உன்னை எதிர்த்துக் கட்டினவன் எவன்டா?”

“உங்க இன்னொரு கிளிதான். அது ஒரு ஓணான் ஜெயிக்கும்னுச்சு, நான் தோத்துடும்னேன். காலையிலேருந்து இதே வேலை.”

நரிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. “அறிவு கெட்டதுகளா! கடைசியில எந்த ஓணான்தான் ஜெயிச்சுது?”

பெருச்சாளி வாய் நிறையக் கடலையோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தது. “ஓட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே அண்ணே. இன்னொரு கிளி விடுறீங்களா?”