கருக்கிய பீப்பாய்

பெங்களூரில் சாராயக் கம்பெனி வேலை என்று தெரிந்த நாளிலிருந்து மருமகன் அறிவழகனோடு பேசாதவர் அரங்கநாதன். பொங்கலுக்கு அரியலூர் வந்தவனிடம் இன்று வாயை அடக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"ஏங்க மாப்ள, விஸ்கிக்கு அந்த நிறம் எப்படி வருது?"

"காய்ச்சி எறக்கறப்ப தண்ணி மாதிரிதான் இருக்கும் மாமா. ஓக் மரப் பீப்பாய்ல வருசக்கணக்கா கெடந்து நிறம் ஏறும்."

"பீப்பாய உள்ளாற எரிச்சுக் கருக்குவாங்களாமே, எதுக்கு?"

அறிவழகன் உள்பக்கம் எட்டிப் பார்த்தான். அடுக்களையிலிருந்து மகள் தேன்மொழி குரல் கொடுத்தாள்.

"மரத்துல இருக்கற சர்க்கரை சூட்டுல இளகி மணம் குடுக்கும்ப்பா. அந்தக் கரி, சாராயத்தோட நெடியை இழுத்துக்கும்."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"அங்க வேலை பார்க்கறதே நான்தாம்ப்பா. நீங்க திட்டுவீங்கன்னு பழியை அவரு தன் தலையில போட்டுக்கிட்டாரு."

அரங்கநாதன் நாற்காலியை அடுக்களைப் பக்கம் திருப்பிப் போட்டார்.

"அந்தப் பீப்பாய்க்கு நம்மூரு வேப்பமரம் ஆகாதாம்மா?"