தம்பியின் திவசம்

பிராங்பேர்ட் கோயிலுக்குப் போகிற எஸ்-பான் ரயிலில், மறுநாள் பல்கலைக்கழகத்தில் பேச வேண்டியதை மிதுஷா அப்பாவுக்குச் சொல்லிக் காட்டினாள்.

அன்றைக்குச் சித்தப்பா கிருபாகரனின் திவசம். வேறு எதற்கும் லீவு எடுக்காத மனுசன் அப்பா நவரத்தினம், ஊரில் ஷெல்லடியில் செத்த தம்பிக்காக முப்பத்துநாலு வருசமாக இந்த ஒரு நாளை மட்டும் தவறவிட்டதே இல்லை.

"பாரசீக ராசா தன்ரை தம்பி பர்தியாவை ரகசியமாக் கொன்றுபோட்டான் அப்பா. பிறகு வேறொருத்தன் வந்து, நான்தான் பர்தியா எண்டு சொல்லி அரியணையிலை ஏறிட்டான். அவனைக் கொன்று ராசாவான டாரியஸ் அப்பிடித்தான் எழுதி வைச்சிருக்கிறான். அது உண்மையோ பொய்யோ எண்டு இண்டைக்கும் சண்டைதான்."

"செத்த பர்தியாவுக்கு ஆர் அழுதது?"

"எப்பிடி அழுறது? அவன் உயிரோடை இருந்து ஆளுறான் எண்டெல்லோ சனம் நினைச்சது."

இறங்கும் இடம் வந்தபோது மிதுஷாதான் அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

கோயிலில் ஐயர் தர்ப்பையைக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "பேர் கிருபாகரன்தானே அண்ணை?"

"இல்லை ஐயா. நவரத்தினம்."

"அது உங்கடை பேரெல்லோ?"

"பாஸ்போட்டிலைதான்." அப்பா எள்ளைக் கையில் எடுத்தார். "ஷெல்லடியிலை செத்தது அண்ணன். அண்ணன்ரை பாஸ்போட்டிலை வந்த கிருபாகரன் நான். இத்தனை வருசமும் எனக்குத்தான் எள்ளுத் தண்ணி இறைச்சனான். அண்ணனுக்கு இன்னும் ஒரு சொட்டும் விடேல்லை."